மரை ஏறினால் போதுமா?

1960-களில் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த ஒரு புல்லட்டை முழுவதும் பிரித்து, அதன் போல்ட், நட், ஸ்டட் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் பரப்பினால், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அளக்க ஆரம்பித்ததும் குழப்பம் தொடங்கும். சட்டகத்திலிருந்து கழன்றவற்றில் சைக்கிள் மரை. அலுமினியக் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருந்த முனைகளில் தடித்த விட்வொர்த் மரை. வேறு சிலவற்றில் பி.எஸ்.எஃப். என்ற நுண்மரை. மின்கருவிகளைப் பிடித்திருந்த சின்னத் திருகுகளில் பி.ஏ. என்ற நான்காவது வகை. இவற்றுக்கு நடுவே, வண்டி கண்ட மெக்கானிக்குகள் கைக்குக் கிடைத்ததைப் போட்டு முடுக்கிய மெட்ரிக் போல்ட்டுகளும் கிடக்கும்.

ஓர் இரண்டு சக்கர வண்டிக்கு எதற்கு இத்தனை மரை? அந்தக் காலப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் எல்லாமே இப்படித்தான். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, வரைபடங்களோடு மரைகளும் கப்பலேறி வந்தன. அடுத்த ஆண்டே மெட்ரிக் அளவுக்கு மாற இந்தியா சட்டம் இயற்றியது. சட்டத்தை மாற்றலாம். டேப், டை, அச்சு, அளவுகோல் என்று ஆலை முழுக்கப் பரவியிருக்கும் அங்குலத்தை ஒரு கையெழுத்தில் மாற்ற முடியாது. அதனால் பழைய வண்டியைப் புதுப்பிக்க நினைக்கிறவருக்கு, பெயின்ட்டையும் குரோமையும்விட, காணாமல் போன ஒரு போல்ட்டுக்குச் சரியான மாற்றைத் தேடுவதுதான் பெரிய வேலையாகிவிடுகிறது.

நாம் ஹார்டுவேர் கடையில் போல்ட் கேட்கும் முறை இதற்கு உதவாது. “ஒன்றரை இஞ்ச் நீளத்துல மூணு நூல் போல்ட் நாலு குடுங்கண்ணே” என்போம். எட்டு நூல் ஓர் அங்குலம். மூன்று நூல் என்றால் 3/8 அங்குல விட்டம். கேட் கொண்டி மாட்ட அந்தத் தகவல் போதும். ஆனால் 3/8 என்ற அந்த ஒரே விட்டத்தில் விட்வொர்த் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 16 மரை, பி.எஸ்.எஃப். போல்ட்டுக்கு 20, சைக்கிள் போல்ட்டுக்கு 26. அமெரிக்க வழியில் வந்த யூ.என்.எஃப். என்றால் 24. யூ.என்.சி. என்றால் விட்வொர்த்தைப் போலவே 16, ஆனால் மரையின் கோணம் வேறு. இந்த ஐந்தும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால் பிரித்தெடுக்க வெர்னியரும் பிட்ச் கேஜும் பொறுமையும் வேண்டும்.

இந்தப் பன்மைக்கு ஒரு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த மரையைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் போல்ட் அடுத்த பட்டறையின் நட்டில் ஏறாது. மான்செஸ்டரில் இயந்திரங்கள் செய்துவந்த ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளிலிருந்து திருகுகளைச் சேகரித்து அளந்து, சராசரி எடுத்து, 1841-இல் ஒரு பொதுத் திட்டத்தை முன்வைத்தார். மரையின் இரு சுவர்களுக்கு இடையே 55 பாகை. முகடும் பள்ளமும் வளைவானவை. 55 என்ற எண்ணுக்குப் பின்னால் ஆழ்ந்த கோட்பாடு எதையும் தேட வேண்டாம். அன்றைய இங்கிலாந்துப் பட்டறைகள் பழக்கத்தில் செய்துவந்ததன் நடுப்புள்ளி அது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் பிலடெல்பியாவில் வேறொரு திட்டம் சொன்னார்: 60 பாகை, தட்டையான முகடு. சமபக்க முக்கோணம் என்பதால் வரைவதும் சரிபார்ப்பதும் சுலபம். பின்னால் வந்த மெட்ரிக் மரையும் 60-ஐயே எடுத்துக்கொண்டது.

விட்வொர்த் மரை தடிப்பானது. வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் அது நன்றாகப் பிடிக்கும். மென்மையான உலோகத்தில் ஒவ்வொரு மரையும் பருமனாக இருந்தால்தான் உரிந்து வராது. எஃகு நட்டில் அந்தக் கவலை இல்லை. அங்கே நுண்மரைதான் மேல்: நடுத்தண்டு தடிமனாக மிஞ்சுகிறது, மரையின் சரிவு குறைவதால் அதிர்வில் எளிதில் தளர்வதும் இல்லை. அதனால்தான் 1908-இல் பி.எஸ்.எஃப். வந்தது. மெல்லிய குழாய்களில் மரை வெட்ட வேண்டிய சைக்கிள்காரர்கள் அதற்கு முன்பே, 1902-இல், 60 பாகையில் தங்களுக்கென ஒன்றை வகுத்துக்கொண்டார்கள். ஆகவே பழைய எஞ்சினில் ஒரு ஸ்டட்டின் ஒரு முனையில் தடித்த மரையும் மறுமுனையில் நுண்மரையும் இருந்தால், யாரோ தவறு செய்துவிட்டதாக எண்ணி இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். தடித்த முனை அலுமினியத்துக்கு, நுண்முனை நட்டுக்கு. வடிவமைத்தவர் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

பி.ஏ. மரைதான் இந்தக் கூட்டத்தில் விசித்திரம். கருவி செய்பவர்களுக்காக பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் 1884-இல் முன்மொழிந்தது; அடிப்படை சுவிட்சர்லாந்தின் தூரி என்பவர் வகுத்த மரை. அங்குல நாட்டின் மரைக்குள் மில்லிமீட்டர் ஒளிந்திருக்கிறது. 0 பி.ஏ.வின் மரை இடைவெளி சரியாக 1 மி.மீ. அடுத்தடுத்த எண்ணுக்கு முந்தையதில் 0.9 மடங்கு: 0.90, 0.81, 0.73 என்று இறங்கிக்கொண்டே போகும். கோணம் 47.5 பாகை. 0 பி.ஏ.வின் விட்டம் 6 மி.மீ. அதாவது இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் எம்6 போல்ட்டின் விட்டமும் இடைவெளியும் அப்படியே. கோணம் மட்டும் 12.5 பாகை விலகி நிற்கிறது. பழைய வண்டிகளில் 0 பி.ஏ. இருக்க வேண்டிய இடத்தில் எம்6 உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

இதைவிடவும் வேடிக்கையான கலப்படம் ஒன்று மோரிஸ் எஞ்சின்களில் உண்டு. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ஆயுத நிறுவனமான ஹாட்ச்கிஸ், இங்கிலாந்தின் கவென்ட்ரியில் துப்பாக்கி செய்ய ஓர் ஆலை போட்டது. போர் முடிந்ததும் அதே ஆலை மோரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்ய ஆரம்பித்தது. இயந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு மெட்ரிக். 8 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. பிரிட்டிஷ் வாடிக்கையாளரிடம் இருப்பதோ விட்வொர்த் ஸ்பேனர். எனவே மரை மெட்ரிக், தலை விட்வொர்த் அளவு என்று போல்ட் செய்துவிட்டார்கள்! 1923-இல் மோரிஸ் அந்த ஆலையை வாங்கிய பிறகும் வழக்கம் மாறவில்லை. எம்.ஜி. டி.சி., டி.டி., டி.எஃப். கார்களின் எஞ்சின் வழியாக 1955 வரை அது ஓடியது. இன்றைய சாதாரண எம்8 போல்ட்டின் இடைவெளி 1.25 மி.மீ. அதைக் கொண்டுபோய் இந்த எஞ்சினில் திருகினால் இரண்டு சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும். அதற்கு மேலும் பலம் காட்டினால் வார்ப்புக்குள் இருக்கும் மரை போய்விடும்.

ஸ்பேனரைச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. விட்வொர்த் ஸ்பேனரின் மேல் இருக்கும் எண் அதன் வாய் அகலம் இல்லை, அது பிடிக்கும் போல்ட்டின் விட்டம். 1/4 விட்வொர்த் என்று பொறித்த ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம். அதிலேயே 5/16 பி.எஸ்.எஃப். என்றும் எழுதியிருக்கும், ஏனென்றால் பி.எஸ்.எஃப். தலை ஒரு படி சிறியது. இரண்டாம் உலகப் போரில் எஃகை மிச்சப்படுத்த விட்வொர்த் போல்ட்டுகளின் தலையையும் ஒரு படி குறைத்துவிட்டார்கள். ஆகவே தலையை மட்டும் அளந்து போல்ட்டின் வகையைச் சொல்ல முயல்வது வீண் வேலை. போரில் அமெரிக்க நட் பிரிட்டிஷ் போல்ட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கூடி ஒருங்கிணைந்த மரையை ஏற்றன. யூ.என்.சி., யூ.என்.எஃப். என்பவை அதன் பிள்ளைகள். கோணத்தில் அமெரிக்காவின் 60. பள்ளத்தில் விட்வொர்த்தின் வளைவு. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களில் பெரும்பாலும் இந்த மரைதான். பிரிட்டிஷ் போல்ட்டின் தலையில் வரிசையாக ஒட்டி நிற்கும் மூன்று வட்டங்களோ வட்டமான ஒரு குழிவோ தெரிந்தால், அது இந்தக் குடும்பம் என்று அறியலாம்.

இனி, மரை கிட்டத்தட்டப் பொருந்தினால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு ஒரு போல்ட் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு துண்டுகள் விலகாமல் நடுவில் முளைபோலக் குறுக்கே நிற்பதுதான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் முடுக்கப்பட்ட போல்ட் இழுபட்டு நீண்ட ஒரு ஸ்பிரிங். மாட்டுவண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவார்களே, ஆறும்போது அது சுருங்க முயன்று, முடியாமல், மரத் துண்டுகளை நெரித்துப் பிடிக்கும். போல்ட்டும் அப்படித்தான் தன் இழுவிசையால் பிடிக்கிறது. 8.8 தரமுள்ள ஓர் எம்8 போல்ட்டை 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் முடுக்கினால் அதில் ஏறுவது ஏறக்குறைய ஒன்றரை டன் எடைக்குச் சமமான இழுவிசை. பிடிக்கும் பகுதி 40 மி.மீ. நீளம் என்றால், போல்ட் 0.08 மி.மீ. நீண்டிருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன். இந்த மயிரிழை நீட்சிதான் சிலிண்டர் ஹெட்டை உட்காரவைக்கிறது.

இந்த நீட்சி இருக்கும்வரை, வெளியிலிருந்து வரும் அதிர்வின் பெரும்பங்கை இறுகப் பிடித்திருக்கும் துண்டுகளே தாங்கிக்கொள்கின்றன. போல்ட்டுக்குப் போய்ச் சேர்வது ஒரு சிறு பகுதி. நீட்சி போய்விட்டால் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராகப் போல்ட்டின் மேல் விழும். உடைந்த போல்ட்டுகளில் பல, பளு தாங்காமல் ஒரேயடியாக அறுந்தவை அல்ல. தளர்ந்து, லட்சக்கணக்கான முறை இழுபட்டுத் தளர்ந்து, பள்ளத்தில் ஒரு விரிசல் தொடங்கி மெல்ல மெல்லப் பரவி அறுந்தவை.

இப்போது மரைக்குத் திரும்பலாம். எல்லாம் சரியாக இருக்கும் நட்டிலேயே, தலைக்கு அருகிலுள்ள முதல் மரைதான் மொத்தப் பளுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அடுத்தடுத்த மரைகளுக்குப் போகப் போகக் குறையும். 55 பாகைத் துளையில் 60 பாகைப் போல்ட்டை ஏற்றினால், சுவரோடு சுவர் பதிய வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் தொடும். அந்தக் கோட்டில் அழுத்தம் எகிறி உலோகம் நசுங்கும். நசுங்கினால் நீட்சி குறையும். நீட்சி குறைந்தால் மேலே சொன்னது நடக்கும். கையால் முடுக்கும்போது இது எதுவும் தெரியாது, வழுக்கிக்கொண்டு ஏறும்.

12 மரை அரை அங்குல விட்வொர்த்தும் 13 மரை அரை அங்குல யூ.என்.சி.யும் அவ்வளவு ஆபத்தானவை அல்ல என்பேன். சிக்கிக்கொண்டு தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். பயப்பட வேண்டியது எண்ணிக்கை ஒன்றாகவும் கோணம் வேறாகவும் உள்ள ஜோடிகளுக்கு: 20 மரை கொண்ட கால் அங்குல விட்வொர்த்தும் யூ.என்.சி.யும், 26 மரை கொண்ட கால் அங்குல பி.எஸ்.எஃப்.பும் சைக்கிள் மரையும், 0 பி.ஏ.வும் எம்6-உம். பிட்ச் கேஜின் தகட்டை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பற்களின் ஓரத்தில் கசியும் ஒளி கோணத்தைச் சொல்லிவிடும். விட்டத்தை மட்டும் நம்ப முடியாது. தேய்ந்த எம்8-உம் 5/16 அங்குலமும் வெர்னியரில் ஒரே எண்ணைக் காட்டும். இடைவெளியையும் ஒரு மரையில் அளக்கக் கூடாது, பத்து மரைக்கு அளக்க வேண்டும். மோரிஸின் 1 மி.மீ. இடைவெளிக்குப் பத்து மரை 10 மி.மீ.; அதே பருமனுள்ள 26 மரை சைக்கிள் போல்ட்டுக்கு 9.77 மி.மீ. அந்தக் கால் மில்லிமீட்டர்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

கழற்றிய பழைய போல்ட்டையே மாதிரியாகக் கொண்டுபோய், அதேபோல ஒன்று வாங்கி வந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். இதற்கு எதிரான மிகக் கடுமையான சாட்சி ஒரு விமானத்திலிருந்து கிடைத்தது. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390-இன் முன்கண்ணாடி, 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு பறந்தது. கேப்டனின் உடல் பாதிக்கு மேல் வெளியே உறிஞ்சப்பட்டது. சக ஊழியர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84-இன் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மற்ற ஆறும் 0.1 அங்குலம் குட்டை. கண்ணாடியை மாற்றியவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாகங்கள் இருந்த இழுப்பறைகளில் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். போட வேண்டியதும் போட்டதும் அங்குலத்துக்கு 32 மரை கொண்டவை. இடைவெளி ஒன்று என்பதால் எல்லாம் ஏறின. முகட்டின் நுனி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கழற்றப்பட்ட பழைய போல்ட்டுகளில் பெரும்பாலானவையே தவறானவை, தேவையைவிடக் குட்டையானவை. மாதிரியே பிழை. ஐம்பது அறுபது வயதான வண்டியில் இது இன்னும் சாதாரணம். அதிலிருந்து கழன்று வரும் போல்ட், ஆலை போட்டதாகவும் இருக்கலாம், 1978-இல் ஏதோ ஓர் ஊரில் மழையில் நின்றபோது யாரோ போட்டதாகவும் இருக்கலாம். எனவே நான் முதலில் நம்புவது பாகங்களின் பட்டியல் புத்தகத்தை, அடுத்து துளையை, கடைசியாகத்தான் அதிலிருந்து வந்த போல்ட்டை. துளையின் மரைகூடத் தேய்ந்து, வேறு டேப் விட்டு அகலமாக்கப்பட்டிருந்தால், உள்ளே கம்பிச் சுருள் பொருத்தி பழைய அளவுக்கே திரும்புவது நல்லது.

மரையைக் கண்டுபிடித்துவிட்டாலும் வலிமை பாக்கி இருக்கிறது. தலையில் 8.8 என்று இருந்தால் அறுபட 800 மெகாபாஸ்கல் வேண்டும், அதில் 0.8 பங்கான 640-இல் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்று பொருள். அமெரிக்கப் போல்ட்டுகளில் தலையில் மூன்று கோடுகள் என்றால் கிரேடு 5, ஆறு என்றால் கிரேடு 8. பழைய போல்ட்டுகளில் பலவற்றின் தலை வெறுமையாக இருக்கும். ஹார்டுவேர் கடையில் வரும் வெறுந்தலைப் போல்ட்டும் அதேபோல இருக்கும். முன்னது நல்ல எஃகாக இருக்கலாம். பின்னது கேட்டுக்கும் கிரில்லுக்கும் செய்த மிருதுவான எஃகு.

ஸ்டெயின்லெஸ் மோகம் தனிக் கதை. பளபளப்பும் துருப்பிடிக்காமையும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 போல்ட் 450 மெகாபாஸ்கலிலேயே நீள ஆரம்பித்துவிடும். முடுக்கும்போது மரையோடு மரை ஒட்டிப் பற்றிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. மழைநீர் தேங்கும் இடத்தில் அலுமினியத்தோடு சேர்ந்தால், போல்ட் அப்படியே இருக்க, அலுமினியம் அரித்துப்போகும். மட்கார்டிலும் டூல் பாக்ஸிலும் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் பக்கம் வேண்டாம்.

பழைய போல்ட்டையே துருநீக்கி முலாம் பூசலாமே என்றால், சாதாரணப் போல்ட்டுக்குத் தாராளமாகச் செய்யலாம். உறுதியூட்டிய போல்ட்டுக்குத்தான் ஆபத்து. முலாம் பட்டறையின் அமிலத் தொட்டியிலும் மின்முலாமிலும் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்துவிடும். முடுக்கும்போது ஒன்றும் ஆகாது. சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, நிறுத்திவைத்த வண்டியில், கண்ணாடி உடைவதுபோல் போல்ட் ஒடியும். முலாம் முடிந்த கையோடு 200 பாகை செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறும். உங்கள் முலாம் பட்டறையில் அடுப்பு இல்லையென்றால் 12.9 போன்ற போல்ட்டுகளை அங்கே தராதீர்கள்.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகக் கரைகிறது. உலர்ந்த மரைக்கு எழுதிய முறுக்குவிசையை எண்ணெய் பூசிய மரைக்குக் கொடுத்தால், உராய்வு குறைந்த அளவுக்கு நீட்சி கூடி, போல்ட் தன் எல்லையைத் தொட்டுவிடும். கையேட்டில் எந்த நிலைக்கு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணெய்க் குப்பியைத் தொடுங்கள்.

புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தும் கிடைக்காத போல்ட்டுக்குக் கடைசி வழி லேத் பட்டறை. இங்கேயும் ஒரு வரம்பு வேண்டும். ஆலையில் போல்ட்டின் மரையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, உருளைகளுக்கு நடுவே அழுத்தி உருட்டி எடுக்கிறார்கள். உலோகத்தின் இழைகள் அறுபடாமல் மரையோடு வளைந்து போகும், பள்ளத்தில் அழுத்தம் தங்கி விரிசலைத் தடுக்கும். லேத்தில் வெட்டியதற்கு இந்த இரண்டும் கிடையாது. ஹெரால்டின் கனெக்டிங் ராடைப் பிடிக்கும் போல்ட், எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறையாவது கடுமையாக இழுபடும். அதற்கும் ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டுகளுக்கும் லேத் வேண்டாம். விலை கூடினாலும் அதற்கென்றே செய்பவர்களிடம் வாங்குங்கள். டைனமோ பட்டை, ஹெட்லைட் பிராக்கெட், செயின் கவர் போன்றவற்றுக்கு லேத் போதும். இரும்பைப் பட்டறைக்காரர் விருப்பத்துக்கு விடாமல் ஈ.என்.8 என்றோ, கூடுதல் வலிமை வேண்டுமானால் ஈ.என்.24 என்றோ கேளுங்கள். போர்க்கால பிரிட்டனில் வைத்த இந்தப் பெயர்கள் நம் பட்டறைகளில் இன்னும் புழங்குகின்றன. விட்வொர்த் போல்ட் என்றால் வரைபடத்தில் 55 பாகை என்றும், நுனி வளைவு என்றும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். லேத்தில் ஏற்கெனவே மாட்டியிருப்பது பெரும்பாலும் 60 பாகைக் கருவியாக இருக்கும். அதைக் கழற்றி, சாணைபிடித்த புதுக் கருவியை 55 பாகை அளவுத் தகட்டில் வைத்துப் பார்த்த பிறகே லேத்தை ஓடவிடச் சொல்லுங்கள்.